உப்பளத்தில் எடுத்த குறும்படம்: ஒரு படப்பிடிப்பின் முழுக் கணக்கு

தூத்துக்குடி உப்பளங்களில் ஒரு குறும்படம் எடுத்து முடித்திருக்கிறோம். பதினேழு நிமிடப் படம். செலவு 2 லட்சத்து 40 ஆயிரம் ரூபாய்க்குள் அடங்கியது. விழாக்களுக்கு இப்போதுதான் அனுப்பிக்கொண்டிருப்பதால் படத்தின் பெயரை இங்கே சொல்லவில்லை. கதை இவ்வளவுதான்: வெயிலும் உப்பின் வெள்ளையும் சேர்ந்து ஒரு உப்பளத் தொழிலாளியின் பார்வை மங்கிக்கொண்டே வருகிறது. வேலை போய்விடுமே என்று அவள் அதைக் கங்காணியிடம் மறைக்கிறாள். விடுமுறைக்கு வந்த மகள் கண்டுபிடித்துவிடுகிறாள்.

இந்தப் படத்தில் தயாரிப்பு நிர்வாகம் என் வேலை. லாட்ஜ் அறை, சாப்பாடு, அனுமதிக் கடிதம், பேட்டரி சார்ஜ், கூலி எல்லாம் என் நோட்டில்தான் இருந்தன. கைக்காசு போட்டு வெளியூரில் படம் எடுக்கக் கிளம்பும் நண்பர்கள் என்னிடம் முதலில் கேட்பது, கேமரா வாடகை எங்கே குறைவு என்றுதான். வாடகையில் பேரம் பேசி நாங்கள் மிச்சம் பிடித்தது சில ஆயிரங்கள். பெரிய மிச்சம் வேறு இடத்தில் கிடைத்தது. உப்பளத்துக்கு என்று ஏற்கெனவே ஒரு கால்ஷீட் இருக்கிறது. யார் எப்போது வருவார்கள், வெளிச்சம் எந்நேரம் எப்படி விழும், காற்று எப்போது கிளம்பும் என்பதெல்லாம் நாம் போவதற்கு முன்பே அங்கே முடிவாகிவிட்டவை. அதை முதலில் தெரிந்துகொண்டு, திரைக்கதையை அதற்கேற்ப மாற்றி எழுதினோம். ஜெனரேட்டர் இல்லாமல், லைட் வண்டி இல்லாமல், டப்பிங் தியேட்டர் பக்கமே போகாமல் படம் முடிந்தது அந்த ஒரு முடிவால்தான்.

அளத்தின் கால்ஷீட்

உப்பு உற்பத்தியில் குஜராத்துக்கு அடுத்த இடம் தமிழ்நாட்டுக்கு. அதில் பெரும்பங்கு தூத்துக்குடி மாவட்டத்திலிருந்து வருகிறது. தை, மாசியில் பாத்திகளைத் திருத்தி, காலால் மிதித்து, தரையை இறுக்கித் தயார் செய்கிறார்கள். வடகிழக்குப் பருவமழை வரும்வரை உற்பத்தி ஓடுகிறது. நிலத்தடி உவர்நீரை மோட்டார் வைத்து இறைத்து, பாத்தியிலிருந்து பாத்திக்கு மாற்றி மாற்றி வெயிலில் காயவிடுகிறார்கள். நீரின் அடர்த்தி 25 டிகிரி போமேயை (உப்புநீரின் அடர்த்தியைச் சொல்லும் அலகு) ஒட்டி வரும்போது உப்பு படியத் தொடங்கும். கருவியை நீரில் மிதக்கவிட்டு டிகிரி பார்ப்பது அங்கே அன்றாட வேலை. நடுவே ஒரு கோடை மழை பெய்தால் போதும், பாத்தியில் படிந்திருப்பது கரைந்துவிடும்.

ஆகவே மாதம் முதலில் முடிவாக வேண்டும். உப்பு நன்றாகப் படிந்திருக்க வேண்டும், கோடை மழையும் ஆரம்பித்திருக்கக் கூடாது. மார்ச் கடைசியும் ஏப்ரல் தொடக்கமும் என்று வைத்துக்கொண்டோம். வெளிப்புறப் படப்பிடிப்பில் நாள்காட்டி எவ்வளவு கறாரானது என்பதற்கு சத்யஜித் ராயின் 'பதேர் பாஞ்சாலி' அனுபவத்தைச் சொல்லாமல் இருக்க முடியாது. 1952 அக்டோபரில் கல்கத்தாவுக்கு வெளியே நாணல் பூத்த வெளியில் முதல் நாள் படப்பிடிப்பு. அடுத்த வாரம் திரும்பிப் போனால் மாடுகள் பூவையெல்லாம் மேய்ந்துவிட்டிருந்தன. மிச்சக் காட்சியை எடுக்க அடுத்த பருவம் வரை காத்திருந்தார்கள். மூன்று ஆண்டு இழுத்த படத்துக்கு அது தாங்கியது. நண்பர்கள் லீவு போட்டுவிட்டு வந்து எடுக்கும் குறும்படத்துக்கு அடுத்த பருவம் என்ற ஒன்றே கிடையாது.

ரெக்கிக்கு, அதாவது படப்பிடிப்புக்கு முன் இடம் பார்க்க, போனபோது இயக்குநரும் ஒளிப்பதிவாளரும் ஒலிப்பதிவாளரும் நானும் கேமரா எடுத்துப் போகவில்லை. கேமரா கையில் இருந்தால் எல்லாரும் ஃப்ரேம் தேடிக்கொண்டிருப்போம் என்று இயக்குநர் சொன்னார், அது சரியான யோசனை. ஒரு நோட்டில் கோடு போட்டு நேரம், வெளிச்சம், காற்று, சத்தம், யார் என்ன வேலையில் இருக்கிறார்கள் என்று ஐந்து பத்தி பிரித்துக்கொண்டோம். விடியும் முன்பே போய், இருட்டும்வரை வரப்பில் உட்கார்ந்து எழுதினோம்.

அந்த நோட்டு சொன்னது இது. கோடையில் வெயிலுக்குப் பயந்து இருட்டிலேயே வேலை தொடங்கிவிடுகிறது. நெற்றியில் டார்ச் கட்டிக்கொண்டு பெண்கள் வரிசையாக வரப்பில் நடந்து வருவார்கள். அப்போது காற்று அநேகமாக இருக்காது. மோட்டாரும் ஓடாது. நூறடி தள்ளிப் பேசுவது காதில் விழும். சூரியன் வந்த பிறகு கொஞ்ச நேரம் உப்பு இளஞ்சிவப்பாக, பிறகு மஞ்சளாகத் தெரியும். ஒன்பது மணிக்கு மேல் கண் கூசத் தொடங்கும். பத்து, பதினொன்றுக்குள் உப்பு வாரும் வேலை முடிந்து ஆட்கள் கரையேறிவிடுவார்கள். அதே நேரத்தில் கடற்காற்று கிளம்பும், மோட்டார்களும் ஓடத் தொடங்கும். மத்தியானம் அளத்தில் ஆளே இருக்காது. சாயங்காலம் லாரிகள் வரும், மூட்டை ஏறும், சத்தம் அதிகம். அந்தி வெளிச்சம் அழகுதான், ஆனால் காற்று அடங்கியிருக்காது.

பழைய திரைக்கதையில் மூன்று முக்கியக் காட்சிகளும் நடுப்பகலில் இருந்தன. உப்பளம் என்றால் உச்சி வெயில் என்று எழுதும் மேசையில் தோன்றுவது இயல்பு. வெயிலின் கொடுமையைக் காட்ட வேண்டுமல்லவா? ஆனால் உண்மையில் அந்நேரத்தில் அங்கே யாரும் வேலை செய்வதில்லை. தாயும் மகளும் சண்டை போட்டுக்கொள்ளும் நீண்ட வசனக் காட்சியை விடிகாலைக்கு மாற்றினார் இயக்குநர். அப்படி மாற்றியதில் கதைக்கே ஒரு புது விஷயம் கிடைத்தது: பார்வை மங்கும் பெண்ணுக்கு இருட்டில் வேலை செய்வதுதான் இன்னும் கஷ்டம். அவளுடைய டார்ச் வெளிச்சம் மற்றவர்களுடையதைவிட அதிகமாகத் தரையைத் தடவுவதைப் பார்த்துத்தான் மகளுக்குச் சந்தேகம் வருகிறது. நடுப்பகலில் எழுதியிருந்த பழைய காட்சியில் இது கிடைத்திருக்க வழியே இல்லை.

வேலையை நிறுத்தாமல்

அனுமதி என்பதை மூன்று இடத்தில் வாங்க வேண்டியிருந்தது. நிலத்தைக் குத்தகைக்கு வைத்திருப்பவரிடம் எழுத்தில். கங்காணியிடம் பேச்சில். அங்கே வேலை செய்யும் பெண்களிடம் நேரில். காவல் நிலையத்துக்கும் ஒரு தகவல் கடிதம் கொடுத்தோம். முதலாவது வாங்கிவிட்டால் மற்றவை தானாக வந்துவிடும் என்று நினைத்துப் போகிறவர்கள் உண்டு. அளத்தில் அன்றைய பொழுதை நடத்துவது கங்காணி, வேலையைச் செய்வது பெண்கள். குத்தகைதாரரின் கையெழுத்தைக் காட்டி அவர்களை நகரச் சொல்ல முடியாது. சொல்லவும் கூடாது.

குத்தகைதாரர் முழுத் திரைக்கதையையும் வாசிக்கக் கேட்டார். கொடுத்தோம். 2023 டிசம்பர் மழையில் அந்தப் பக்கத்து உப்புக் குவியல்கள், அதாவது அம்பாரங்கள், கரைந்து போனதைப் பற்றி வெகுநேரம் பேசினார். அந்த மழையில் பக்கத்துக் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 90 சென்டிமீட்டருக்கு மேல் பெய்தது. நட்டம் பார்த்தவருக்கு, படக்காரர்கள் வந்து வேலையைக் கெடுத்துவிடுவார்களோ என்ற கவலை நியாயமானது. கூலி பற்றி வரும் ஒரு காட்சி தன் அளத்தில் வேண்டாம் என்று அவர் சொன்னார். அந்தக் காட்சியை அவளுடைய வீட்டு வாசலுக்கு மாற்றினோம், வசனத்தில் ஒரு வரியும் குறையவில்லை. இடம் கொடுப்பவரிடம் கதையை மறைத்துப் படம் எடுத்திருந்தால், படம் வெளியான பிறகு அதன் விளைவு அங்கே வேலை செய்பவர்கள் தலையில் விழும். அதற்கு எங்கள் யாருக்கும் மனமில்லை.

பெண்களிடம் பேசப் போனபோது, வயதில் மூத்த ஒரு அக்கா சொன்னதுதான் எங்கள் படப்பிடிப்புக்கே விதியானது. "எடுங்க தம்பி, நாங்க வேண்டாங்கல. ஆனா எங்க கைய நிறுத்தச் சொல்லாதீங்க. வாரி முடிச்சாத்தான் கூலி. வெயில் ஏறிட்டா எங்களால வார முடியாது."

ஆகவே வேலைக் காட்சிகளில் "கட்" சொன்னாலும் யாரும் நிற்கத் தேவையில்லை என்று வைத்துக்கொண்டோம். கேமராதான் அவர்களைத் தொடர்ந்து போனது. நடிக்க வந்தவர் மதுரையில் மேடை நாடகம் செய்பவர். படப்பிடிப்புக்கு முன்பே வந்து அவர்களோடு இருட்டில் எழுந்து போய், உப்பு வாரும் பலகையைப் பிடிக்கக் கற்றுக்கொண்டார். பார்க்க எளிதாகத் தெரியும் வேலை அது. பலகையைக் கொஞ்சம் அழுத்தினால் அடிமண் கிளம்பி உப்பில் சேர்ந்துவிடும், உப்பு அழுக்காகும். கொஞ்சம் தூக்கினால் உப்பு பாதி பாத்தியிலேயே நின்றுவிடும். அந்த நடுவளவு கைக்கு வரும்வரை அவருக்குக் காய்ந்துபோன மூலைப் பாத்தி ஒன்றைக் கங்காணி ஒதுக்கிக் கொடுத்தார்.

வசனம் பேசும் காட்சிகளுக்கு வேலையை விட்டுவிட்டு எங்களோடு நின்ற பெண்களுக்கு அன்றைய முழுக் கூலியும் அதற்கு மேலும் கொடுத்தோம், அன்றன்றைக்குக் கையில். ஒப்புதல் படிவத்தைத் தமிழில் எழுதி, சத்தமாக வாசித்துக் காட்டி, கேள்விக்கு இடம் விட்டு, பிறகுதான் கையெழுத்து வாங்கினோம். முகம் தெரிய வேண்டாம் என்று சொன்னவர்களை முதுகுப் பக்கமிருந்து எடுத்தோம்.

ட்ரோன் பற்றி ஒரு வார்த்தை. உப்பளம் என்றதும் எல்லாரும் மேலிருந்து ஒரு ஷாட் கேட்கிறார்கள். தூத்துக்குடியில் துறைமுகம், அனல்மின் நிலையம், விமான நிலையம் மூன்றும் இருக்கின்றன. 2021 ட்ரோன் விதிகளின்படி, பறக்கவிடும் முன் அரசின் டிஜிட்டல் ஸ்கை வரைபடத்தில் அந்த இடம் எந்த நிறத்தில் வருகிறது என்று பார்த்தாக வேண்டும். சிவப்பிலும் மஞ்சளிலும் முன்அனுமதி இல்லாமல் பறக்கவிட முடியாது. எங்கள் நாள் கணக்கில் அந்த அலைச்சலுக்கு இடமில்லாததால் ட்ரோனை விட்டுவிட்டோம். உயரத்துக்கு என்ன செய்வது? உதவி இயக்குநர் ஒருவர் அம்பாரத்தின் மேல் ஏறலாமா என்று கேட்டார். கங்காணி அண்ணாச்சி கோபப்படாமல் சொன்னார்: "தம்பி, அது ஊரே சாப்புடுற சாமான். செருப்புக் காலோட எப்படி ஏறுவீங்க?" மூட்டை ஏற்ற வந்த லாரியின் மேலிருந்து அந்த ஷாட்டை எடுத்தோம்.

வெள்ளைத் தரை, கறுப்புத் துணி

உப்பளத்தில் வெளிச்சம் மேலிருந்து மட்டும் வருவதில்லை. தரை முழுக்க வெள்ளை. தூத்துக்குடியில் ஏப்ரல் 12ஐ ஒட்டி நண்பகல் சூரியன் சரியாகத் தலைக்கு மேல் வருகிறது, செங்குத்தாக நிற்கும் கம்பத்துக்கு நிழலே விழாது. வேறு இடமாக இருந்தால் அந்நேரம் கண்குழிகள் கறுத்துவிடும். உப்பளத்தில் தலைகீழாக நடக்கிறது. தரையிலிருந்து எதிரொளித்து மோவாய்க்கு அடியில், மூக்குக்கு அடியில் வெளிச்சம் ஏறி, முகத்தில் பள்ளம் மேடே தெரியாமல் தட்டையாகிவிடுகிறது. ரிஃப்ளெக்டரும் தெர்மாகோலும் சென்னையிலிருந்து சுமந்து போகும் யோசனையை ரெக்கி முடிந்ததுமே ஒளிப்பதிவாளர் கைவிட்டார். அதற்குப் பதில் தூத்துக்குடி ஜவுளிக் கடையில் கெட்டியான கறுப்புத் துணி மீட்டர் கணக்கில் வாங்கினோம். ஃப்ரேமுக்கு வெளியே, நடிகரின் காலடியில் ஒரு துண்டு, ஒரு பக்கத்தில் பிடித்துக்கொள்ள ஒரு துண்டு. அவ்வளவுதான், முகத்துக்கு உருவம் வந்துவிட்டது. இந்தப் படத்தில் எங்களுக்கு மிக அதிகமாக உழைத்த பொருள் அந்தத் துணி. விலை ஆயிரம் ரூபாயைத் தொடவில்லை.

எக்ஸ்போஷர் விஷயத்தில் கணக்குப் போட்டுக்கொண்டு போனது நல்லதாயிற்று. எங்கள் கேமரா சோனி ஏ7எஸ் 3. அதில் எஸ்-லாக் 3 என்ற பதிவு முறையில் எடுத்தால் அடிப்படை ஐஎஸ்ஓ, அதாவது ஒளியுணர்வு அளவு, 640. ஷட்டர் 1/50. நல்ல வெயிலில் லென்ஸை எஃப் 4இல் வைக்க வேண்டுமென்றால் கிட்டத்தட்ட எட்டு ஸ்டாப் வெளிச்சத்தைக் குறைத்தாக வேண்டும் (ஒரு ஸ்டாப் குறைத்தால் வெளிச்சம் பாதியாகும்). உப்பின் மேல் அதற்கும் கொஞ்சம் கூடுதலாக. வெளிச்சத்தைக் குறைக்க லென்ஸ் முன்னால் போடும் கறுப்புக் கண்ணாடிதான் என்டி ஃபில்டர். திருகிக் கூட்டிக் குறைக்கும் வகை வசதியாக இருக்கும், ஆனால் அகல லென்ஸில், இவ்வளவு ஆழத்துக்குத் திருகினால், படத்தின் மேல் கறுப்பாக ஒரு பெருக்கல் குறி விழும். அது எதிரொளிப்பை வடிகட்டும் போலரைசர் என்பதால் பாத்தி நீரில் தெரியும் வானத்தையும் இஷ்டத்துக்கு அழிக்கும். நிலையான அளவுள்ள என்டி ஃபில்டர்களையே வாடகைக்கு எடுத்தோம். கேமராவின் மீட்டரை நம்பினால் உப்பு சாம்பல் நிறமாகும், ஏனென்றால் மீட்டர் எதைப் பார்த்தாலும் நடுச்சாம்பலாக்கவே முயலும். உப்பு விவரமே இல்லாத வெறும் வெள்ளையாகிவிடாமல் இருக்க, மிகை வெளிச்ச இடங்களைக் கோடுகளால் காட்டும் ஸீப்ராவை வைத்துக்கொண்டு, முகத்தைத் தனியாக அளந்து எடுத்தார் ஒளிப்பதிவாளர்.

கண்ணைப் பற்றியும் சொல்ல வேண்டும். அரை மணி நேரம் அந்த வெள்ளையில் நின்றுவிட்டு மானிட்டரைப் பார்த்தால் எதுவும் சரியாகத் தெரிவதில்லை. ஃபோகஸ் இருக்கிறதா என்று கூடச் சொல்ல முடியாது. வேனுக்குள் திரை போட்டு, சில நிமிடம் கண்ணை மூடிக்கொண்டிருந்துவிட்டுப் பிறகு எடுத்ததைப் பார்ப்பது என்று வழக்கமாக்கினோம். யூனிட்டில் எல்லாருக்கும் கறுப்புக் கண்ணாடி வாங்கிக் கொடுத்தேன். எங்களுக்கே இப்படியென்றால், பல ஆண்டு இந்த வெள்ளையைப் பார்த்தே நிற்கும் கண்களை நினைத்துப் பார்க்க வேண்டும். கண்ணாடிகளை ஊருக்குத் திரும்பும்போது அங்கேயே விட்டுவிட்டு வந்தோம், கூடுதலாகவும் வாங்கிக் கொடுத்தோம்.

இருட்டுக் காட்சிகளில் ஐஎஸ்ஓ 12800. அந்தக் கேமராவின் இரண்டாவது அடிப்படை அது, படத்தில் புள்ளி புள்ளியாக வரும் நொய்ஸ் தாங்கக்கூடியதாக இருந்தது. வெளிச்சம், அவர்கள் நெற்றி டார்ச் மட்டும். மலிவான எல்இடி டார்ச்சுகள் சில, குறைந்த வெளிச்சத்தில் வைத்தால் கேமராவில் பட்டை பட்டையாகத் துடிக்கும். கண்ணுக்குத் தெரியாது. ஒவ்வொரு டார்ச்சையும் கேமரா முன்னால் காட்டிப் பார்த்து, துடிக்காதவற்றைத் தேர்ந்தெடுத்து நடிகர்களுக்குக் கொடுத்தோம். வெளிச்சம் அதிகமாகத் தெரிந்தால் கண்ணாடி மேல் வெண்மையான டேப் ஒட்டிக் குறைத்தோம்.

கிழக்கு வெளுத்து, சூரியன் எட்டிப் பார்க்கும் வரை கிடைக்கும் நீல வெளிச்சம் நம் ஊர்ப் பக்கம் இருபது நிமிடத்தைக் கொஞ்சம் தாண்டும், அவ்வளவுதான். மகள் தாயின் கையைப் பிடித்து வரப்பில் நடத்திப் போகும் காட்சி முழுக்க அந்த வெளிச்சத்தில் இருக்க வேண்டும் என்று இயக்குநர் உறுதியாக இருந்தார். ஒரே காலையில் அதை முடிக்க முடியாது. ஆகவே கால அட்டவணையைக் காட்சி வாரியாகப் போடாமல் மணி வாரியாகப் போட்டேன். ஒவ்வொரு விடியலிலும் அந்தக் காட்சியின் இரண்டு, மூன்று ஷாட். சூரியன் வந்ததும் வேலைக் காட்சிகள். வெயில் ஏறினால் வசனமில்லாத தூரக் காட்சிகள். பதினொன்றிலிருந்து மூன்று வரை யாரும் வெயிலில் நிற்கக் கூடாது. மாலையில் வீட்டுக் காட்சிகள். ஒரே இடத்தில் எடுக்கும் படத்துக்கு இப்படிப் போடுவதுதான் சரி என்பது என் முடிவு. காட்சிகள் துண்டு துண்டாக எடுக்கப்படுவதால் ஷாட்டுக்கு ஷாட் எல்லாம் பொருந்துகிறதா என்று கன்டின்யூட்டி பார்ப்பவருக்குத்தான் வேலை அதிகம். சேலை நனைந்த உயரம், கையில் உப்பு ஒட்டிய இடம் எல்லாம் அவர் போனில் படமாக இருந்தது.

கன்டின்யூட்டியில் மிகக் கடினமானது உப்புத் தரைதான். படிந்த உப்பின் மேல் ஒரு முறை கால் பட்டால் தடம் விழும், அதை அழிக்க முடியாது. இரண்டாவது டேக் வேண்டுமென்றால் வேறு பாத்திக்குப் போக வேண்டும். அதோடு, பாத்தித் தரையை மிதித்து இறுக்கித் தயார் செய்ய அவர்கள் பட்டபாடு சொல்லி மாளாது. பூட்ஸ் காலோடு நாம் உள்ளே இறங்கினால் அது பாழாகும். மறுநாள் எந்தப் பாத்தி வாரப்படும் என்று முந்தின மாலையே கங்காணி சொல்லிவிடுவார். அந்தப் பாத்திகளில் மட்டும், தடம் படாத தூரக் காட்சியை முதலில் எடுத்து, பிறகு நடிகர் இறங்கி நடக்கும் ஷாட்டை எடுத்து, கடைசியில் அதே பாத்தியைப் பெண்கள் வாரும்போது அதையும் எடுத்துக்கொண்டோம். ஒத்திகையெல்லாம் வரப்பின் மேல்தான். கேமராவும், நீளக் கம்பில் மைக்கைத் தாங்கும் பூமும் வரப்பை விட்டு இறங்கவில்லை.

சத்தத்துக்குச் செலவழித்தது

குறும்பட விழாத் தேர்வுக் குழுக்களில் இருந்த நண்பர்கள் எல்லாரும் ஒன்றைச் சொல்வார்கள். படம் கொஞ்சம் மங்கலாக இருந்தால் மன்னித்துவிடலாம், வசனம் கேட்கவில்லை என்றால் அடுத்த படத்துக்குப் போய்விடுவோம் என்று. எங்கள் பட்ஜெட்டில் கேமராவுக்கும் லென்ஸுக்கும் 45 ஆயிரம். ஒலிப்பதிவாளரும் அவர் கருவிகளும் சேர்ந்து 36 ஆயிரம். இவ்வளவு எதற்கு என்று பணம் போட்ட நண்பர்களே கேட்டார்கள். டப்பிங் என்று போயிருந்தால் அந்த அக்காக்களைச் சென்னைக்கு அழைத்து வந்து, மைக் முன்னால் நிற்கவைத்துத் திரையைப் பார்த்துப் பேசச் சொல்ல வேண்டியிருக்கும். அவர்கள் பேச்சின் இழுப்பும் ஏற்ற இறக்கமும் அங்கே செத்துவிடும்.

32 பிட் ஃப்ளோட் முறையில் பதிவு செய்யும் ஒலிக் கருவி இருந்தால் சத்தத்தைப் பற்றிக் கவலையே வேண்டாம் என்று இப்போது பலரும் நம்புகிறார்கள். கத்தினாலும் முனகினாலும் அளவைப் பிறகு சரிசெய்துகொள்ளலாம் என்பது உண்மை. ஆனால் காற்று மைக்குக்குள் இருக்கும் மெல்லிய சவ்வையே அடித்து உலுக்கும்போது அது உதவாது. பூமுக்குத் தடித்த ரோம உறை போட்டிருந்தோம். உடையில் மறைத்து வைக்கும் சின்ன லேப்பல் மைக்கை மேல்சட்டைக்கு உள்ளே, சேலை மடிப்புக்குக் கீழே, மருத்துவ டேப்பால் ஒட்டினார் ஒலிப்பதிவாளரின் உதவியாளரான பெண். இதற்குப் பெண் உதவியாளர் கட்டாயம் வேண்டும் என்பதை ஆள் சேர்க்கும்போதே யோசித்துவிட வேண்டும். இத்தனைக்கும் பிறகு பத்து மணிக்கு மேல் வந்த வசனம் எதுவும் படத்தில் உபயோகமாகவில்லை. விடிகாலையில் எடுத்தது அநேகமாக அப்படியே படத்தில் இருக்கிறது. திரைக்கதையில் வசனக் காட்சிகளை இருட்டுக்கு மாற்றியதன் முழுப் பலனும் எடிட்டிங்கில்தான் தெரிந்தது.

வெயிலில் எடுத்தாக வேண்டியிருந்த சில வரிகளுக்கு ஒரு வழி வைத்திருந்தோம். ஷாட் முடிந்ததும், அதே மூச்சு வாங்கலோடு, நடிகரை நேரே வேனுக்குள் அழைத்துப் போய், கண்ணாடியை ஏற்றி, போர்வையைத் தொங்கவிட்டு, அந்த வரிகளை மட்டும் மூன்று நான்கு முறை பேசவைத்துப் பதிவு செய்வது. சூடு ஆறிய பிறகு ஸ்டுடியோவில் பேசினால் அந்த மூச்சு வராது. உதடு அசைவோடு எடிட்டர் பொருத்திக்கொண்டார். அப்புறம் அளத்தின் சத்தங்கள்: பலகை உப்பை இழுக்கும் கரகரப்பு, வாய்க்காலில் நீர் திரும்பும் சத்தம், தூரத்து மோட்டார், ஒன்றுமே இல்லாத விடிகாலை. இவற்றைத் தனித்தனியாக நீளமாகப் பதிவு செய்தோம். அந்த நேரத்தில் யூனிட்டில் எல்லாரும் அசையாமல் நிற்க வேண்டும். இதற்குக் கால்ஷீட்டில் தனியாக நேரம் எழுதி வைக்காவிட்டால் எந்தப் படப்பிடிப்பிலும் இது நடக்காது.

கருவிகளும் வயிறும்

சென்னையில் ஒரு வாடகைக் கடையில் எடுத்த பேட்டரிகளில் பாதி, முழு சார்ஜ் காட்டிவிட்டுச் சில நிமிடங்களில் இறங்கிவிட்டன. முத்துநகர் எக்ஸ்பிரஸில் இரவெல்லாம் பயணம் செய்து வந்து இறங்கிய பிறகு மாற்று வாங்குவது எங்கே? தூத்துக்குடியில் கல்யாண வீடியோ எடுக்கும் ஒரு அண்ணாச்சிதான் கைகொடுத்தார். அவரிடம் அதே வகை பேட்டரிகள் இருந்தன, நாள் வாடகைக்குத் தந்தார். எந்த ஊருக்குப் போனாலும் அங்கே கல்யாணம் எடுப்பவர்களை முதலிலேயே அறிமுகம் செய்துகொள்வது நல்லது. லைட், பேட்டரி, கார்டு எல்லாம் அவர்களிடம்தான் இருக்கும். வாடகைக் கடையில் பேட்டரியை எண்ணி வாங்கினால் போதாது, அங்கேயே கேமராவில் போட்டு ஓடவிட்டுப் பார்க்க வேண்டும்.

உவர்நீர் எதையும் விட்டுவைக்காது. ஒவ்வொரு நாளும் திரும்பியதும் டிரைபாட் கால்களையும் திருகுகளையும் நல்ல தண்ணீரில் நனைத்துப் பிழிந்த துணியால் துடைத்து, பிறகு காய்ந்த துணியால் துடைத்தோம். வரப்பு ஈரமாக இருந்த இடங்களில் டிரைபாட் கால்களுக்குப் பிளாஸ்டிக் பை கட்டினோம். வாடகைப் பொருளைத் திருப்பிக் கொடுக்கும்போது துருப் பிடித்திருக்கிறது என்று முன்பணத்தில் பிடித்துவிடக் கூடாதல்லவா.

சாப்பாட்டுக்கு ஆள் வைக்கவில்லை. ஊரிலேயே ஒரு மெஸ்ஸில் பேசி, விடிகாலை நாலு மணிக்குச் சுக்குக் காப்பி, ஏழரைக்கு இட்லி, மத்தியானம் சாப்பாடு என்று கொடுக்கச் செய்தோம். மோரும் உப்புச் சர்க்கரைக் கரைசலும் எப்போதும் வேனில் இருந்தன. யூனிட் சாப்பிடும் நேரத்தில் அளத்துப் பெண்களுக்கும் அதே சாப்பாடு. நாம் இலை போட்டுச் சாப்பிட, அவர்கள் தள்ளி உட்கார்ந்து தூக்குவாளியைத் திறப்பதைப் பார்த்துக்கொண்டு படம் எடுக்க முடியாது.

கணக்கு

2 லட்சத்து 40 ஆயிரத்தில் கேமராவையும் ஒலியையும் மேலே சொல்லிவிட்டேன். லாட்ஜும் சாப்பாடும் 41 ஆயிரம், ரயிலும் வேனும் 28 ஆயிரம், நடிகர்களுக்கு 30 ஆயிரம், அளத்துப் பெண்களின் கூலியும் இடத்துக்கான செலவுகளும் 22 ஆயிரம், கலர் கரெக்‌ஷனும் ஒலிக் கலவையும் 34 ஆயிரம். 4 ஆயிரம் கையில் நின்றது, விழா நுழைவுக் கட்டணங்களுக்கு அது போதாது.

இந்தக் கணக்கில் ஒரு பெரிய தொகை எழுதப்படவில்லை. இயக்குநர், ஒளிப்பதிவாளர், எடிட்டர், உதவி இயக்குநர்கள், நான், யாரும் சம்பளம் வாங்கவில்லை. சந்தை விலைக்கு எங்கள் உழைப்பைக் கூட்டினால் செலவு இரண்டு மடங்கைத் தாண்டும். குறைந்த பட்ஜெட் படம் என்று பெருமையாகச் சொல்லும் எல்லாப் படங்களிலும் இந்தத் தொகை யாரோ ஒருவர் பையிலிருந்து போயிருக்கிறது. நாங்கள் விரும்பி வந்தோம், படத்தில் எங்கள் பெயர் வருகிறது, அது எங்கள் தொழிலுக்கு உதவும். உப்பு வாரும் பெண்ணுக்கு அந்தப் படத்தால் அப்படி ஒரு லாபமும் இல்லை. நட்புக்காகச் செய்து கொடுங்கள் என்று அவர்களிடம் கேட்பதற்கு எந்தக் குறும்படக் குழுவுக்கும் உரிமை இல்லை என்று உறுதியாக நம்புகிறேன். பட்ஜெட் போடும்போது முதல் வரியாக அதை எழுதிவிட்டு, மிச்சத்தில்தான் லென்ஸ் தேட வேண்டும்.

முதலில் எடிட் செய்த வடிவம் பதினெட்டு நிமிடம் வந்தது. அதை லேப்டாப்பில் எடுத்துப் போய் கையை நிறுத்தச் சொல்லாதீங்க என்று சொன்ன அந்த மூத்த அக்காவின் வீட்டில் வைத்து, படத்தில் வந்த எல்லாருக்கும் காட்டினோம். கதையைப் பற்றி யாரும் குறை சொல்லவில்லை. ஒரு ஷாட்டில் மட்டும் அக்கா நிறுத்தச் சொன்னார். "இந்தப் பிள்ள கரையிலேர்ந்து உள்ள தள்ளுது பாருங்க. நாங்க உள்ளேர்ந்து கரைக்குத்தான இழுப்போம்?" வெளிச்சம் அருமையாக அமைந்த, எங்கள் எல்லாருக்கும் பிடித்த ஷாட் அது. எடிட்டரும் இயக்குநரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். பக்கத்திலிருந்த இன்னொருவர், கங்காணி வருவதை ஒருத்தி மற்றவர்களுக்குச் சொல்லும் விதமும் அப்படி இருக்காது என்றார். ஷாட்டையும், அதையொட்டிய சின்னக் காட்சியையும் எடுத்துவிட்டோம். படம் பதினேழு நிமிடமானது.